மறுபடைப்போடு சேர்த்துக் கொடுக்கும் விளக்கக் குறிப்பை எழுதுவது எப்படி?

ஒரு இலக்கியத்தைப் படித்துவிட்டு, அதிலிருந்து கிளம்பிச் சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். தனிமொழி, கடிதம், நாடகக் காட்சி என்று ஏதோ ஒன்று. இதைத்தான் மறுபடைப்பு என்கிறார்கள். அதை எப்படியோ எல்லாருமே எழுதிவிடுகிறோம். கூடவே ‘இதை ஏன் இப்படி எழுதினேன்’ என்று இரண்டு பக்கம் விளக்கக் குறிப்பும் கேட்பார்கள். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நானும் மாட்டிக்கொண்டேன். பெருந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்த் தமிழ் இலக்கியம் படித்தவள். மூன்றாம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை வைத்து மறுபடைப்பு எழுத வேண்டியிருந்தது. மதுரையில் கண்ணகிக்கு இடம் கொடுத்த ஆயர் முதுமகள் மாதரியைப் பேசவைத்து, கொங்குப் பேச்சில் ஒரு தனிமொழி எழுதினேன். நெறியாளர் அம்மா அதைப் படித்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். விளக்கக் குறிப்புக்கு மட்டும் 20க்கு 7 போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் மாற்றி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது தடவை 17 கிடைத்தது.

அந்த ஒரு வாரத்தில் புரிந்ததையும், அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது தெரிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் மாதரியையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

1. எழுத உட்காரும் முன்னால் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்

‘சீனியர் அக்கா சொன்னாங்க’ என்பதை நம்பி இறங்காதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு, ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறும். நெறியாளரிடம் நேரில் போய்க் கேட்டு, பதிலை நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை இவை: விளக்கக் குறிப்பு எத்தனை சொல்? படைப்புக்கு எத்தனை மதிப்பெண், குறிப்புக்கு எத்தனை? குறிப்பு படைப்புக்கு முன்னால் வர வேண்டுமா, பின்னாலா? படைப்பில் பேச்சுத் தமிழ் வரலாமா? வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு உண்டா?

சொல் எண்ணிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. ‘எழுதிக்கொண்டிருந்தாள்’ என்பதைக் கம்ப்யூட்டர் ஒன்றாக எண்ணும், ‘எழுதிக் கொண்டு இருந்தாள்’ என்றால் மூன்றாக எண்ணும். அதனால் 500 சொல் கேட்டால் ‘எத்தனை பக்கம் வரலாம்மா?’ என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். என் குறிப்புக்கு இரண்டரைப் பக்கம் வரை விட்டார்கள்.

மதிப்பெண் பங்கையும் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு மொத்தம் 50. அதில் 20 குறிப்புக்கு. எனக்கு அது தெரியாது. படைப்புக்கு மூன்று வாரம் செலவழித்துவிட்டு, குறிப்பை முந்தின நாள் ராத்திரி எழுதினேன். 7 வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

2. மூலத்தில் உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கதை தெரியும் என்று நினைத்து மூலத்தைத் திறக்காமல் எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. சிலப்பதிகாரத்தில் இந்த ஆபத்து ரொம்பவே அதிகம். சின்ன வயதிலிருந்து நாடகத்திலும் சினிமாவிலும் பட்டிமன்றத்திலும் கேட்டுக் கேட்டு, எது இளங்கோ எழுதியது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்பதே குழம்பிப்போயிருக்கும்.

காசு செலவில்லாமல் மூலம் கிடைக்கும். மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இருக்கிறது. உரை வேண்டுமென்றால் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையை எடுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு அது சரியாக இருக்கும். கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் பாருங்கள். எந்தப் பதிப்பு, எந்தப் பதிப்பகம், எந்த ஆண்டு என்பதை முதல் நாளே குறித்துவையுங்கள். கடைசி நாளில் அதைத் தேடி அலைவது பெரிய தொல்லை.

முழு நூலையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. மொத்தம் 30 காதைகளில் எனக்கு வேண்டியிருந்தது ஐந்துதான்: சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, பிறகு வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதை. இந்த ஐந்தையும் மூன்று மூன்று முறை படித்தேன். இரண்டாவது தடவை வரை கண்ணில் படாத ஒன்று மூன்றாவது தடவையில் பட்டது.

துன்ப மாலை தொடங்கும்போது மாதரி வீட்டில் இல்லை. பூவும் புகையும் சாந்தும் எடுத்துக்கொண்டு வையைத் துறைக்கு நீராடப் போய்விட்டாள். ஊருக்குள் எழுந்த அரவம் கேட்டு வேறொருத்தி ஓடி வருகிறாள். கோவலன் கொலையுண்ட செய்தி அப்படித்தான் ஆயர்பாடிக்கு வந்து சேர்கிறது. மாதரி ஆற்றிலிருந்து திரும்பி வந்து என்ன கண்டாள், என்ன பேசினாள் என்பதை இளங்கோ நேரில் காட்டவில்லை. அவளுடைய முடிவு வெகு தூரம் தள்ளி, நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையோன் வாயால் நமக்குத் தெரிகிறது.

இப்படி ஒரு இடைவெளி கிடைத்துவிட்டால் உங்கள் படைப்புக்கு நிற்க இடம் கிடைத்துவிட்டது. குறிப்பில் எழுத வேண்டிய முதல் விஷயமும் அதுதான்: மூலத்தில் எந்த இடத்தில், எந்த வெற்றிடத்தில் உங்கள் எழுத்து போய் உட்காருகிறது என்பது. காதைப் பெயரையும் அடி எண்ணையும் போட்டுவிடுங்கள். அடி எண் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் முன்பின் இருக்கும், அதற்காகத்தான் பதிப்பைக் குறிக்கச் சொன்னேன்.

3. தேர்வு நோட்டு ஒன்று வையுங்கள், படைப்பை எழுதும்போதே

தேர்வு என்று நான் சொல்வது பரீட்சையை அல்ல, எழுதும்போது எதை எடுத்தேன், எதை விட்டேன் என்பதை. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் கஷ்டம் தீரும். பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் ‘செய்தது’. இரண்டாவதில் ‘தள்ளியது’. மூன்றாவதில் ‘போனது’.

நான் எழுதியதிலிருந்து ஒரு வரியைக் காட்டுகிறேன். (பாலும் காளையும் ஆய்ச்சியர் குரவையில் வரும் கெட்ட குறிகள்.) செய்தது: பால் உறையாததை வைத்துத் தொடங்குகிறேன். தள்ளியது: காளையின் கண்ணீர். போனது: ஊர் முழுக்கத் தெரிந்த கேடு, ஒரு அடுப்படிக்குள் சுருங்கிவிட்டது.

இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும்தான் மதிப்பெண் வாங்கித் தரும். ‘இதைச் செய்தேன்’ என்று யாரும் எழுதிவிடலாம், அது படைப்பைப் பார்த்தாலே தெரியும். வேறென்ன வழி கண் முன்னால் இருந்தது, அதை ஏன் விட்டீர்கள், விட்டதால் என்ன கைநழுவியது என்பதை எழுதியவர் மட்டும்தான் சொல்ல முடியும். படிப்பவர் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்தச் செய்தியை.

எழுதி முடித்துவிட்டு நினைவிலிருந்து இதை நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் எதைக் கிழித்துப் போட்டேன் என்பதே ஞாபகம் வரவில்லை. நல்லவேளையாக அடித்துத் திருத்திய முதல் இரண்டு படிகளும் பரணில் கிடந்தன. அவற்றை எடுத்துவைத்து, எந்த வரி எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நோட்டை நிரப்பினேன். செல்போனில் எழுதுகிறவர்கள் பழையதன் மேலேயே திருத்தாமல், ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுப் புதுக் கோப்பாகச் சேமித்துவையுங்கள். எழுதியது நீங்கள்தானா என்று யாராவது சந்தேகப்பட்டாலும் அந்தப் படிகள் கைகொடுக்கும்.

4. நோட்டிலிருந்து நான்கை மட்டும் எடுங்கள்

என் நோட்டில் கடைசியில் 23 வரிகள் இருந்தன. இரண்டரைப் பக்கத்துக்கு நான்கு போதும். யார் பேசுகிறார், எந்த நேரத்தில் பேசுகிறார், என்ன மொழியில் பேசுகிறார், எங்கே நிறுத்தினேன். தலைப்பை ஏன் வைத்தேன், பத்தியை ஏன் சின்னதாக்கினேன் என்றெல்லாம் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் ஆழமாக வராது. எதை விளக்க உங்களுக்கு ஒரு பத்தி முழுக்க வேண்டுமோ அதை எடுங்கள். ஒரு வரியிலேயே விளங்கிவிடுகிற தேர்வு, விளக்கமே தேவைப்படாத தேர்வு.

5. இனி எழுதுங்கள்

நான் முதலில் கொடுத்த குறிப்பிலிருந்து ஒரு பத்தி இது. மாற்றாமல் அப்படியே தருகிறேன்.

‘மாதரி கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவள். மிகவும் நல்ல உள்ளம் கொண்டவள். அவளுடைய உணர்வுகளை வெளிப்படுத்தவே தனிமொழி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். பால் உறையாதது போன்ற படிமங்களைப் பயன்படுத்தியுள்ளேன். கொங்குத் தமிழ் என் வட்டாரமொழி என்பதால் அதில் எழுதினேன்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மாதரி என்ற பெயரை எடுத்துவிட்டு மாதவி என்று போட்டாலும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். நெறியாளர் அம்மா ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே கேள்வி: ‘சரி, ஏன் பால்?’

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் ஆய்ச்சியர் குரவையை மறுபடி எடுத்தேன். அங்கே கெட்ட குறிகள் வரிசையாக வருகின்றன. குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று மாதரியே மகள் ஐயையிடம் சொல்கிறாள். பிறகு கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்க வேண்டும் என்று குரவை ஆடச் சொல்கிறாள். அதைப் படித்தபோது கை நின்றுவிட்டது. குறியை அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். துயரம் மாட்டுக்கு வருகிறது என்று நினைத்துவிட்டாள். அது வீட்டில் இருந்த பெண்ணுக்கு வந்தது.

நான் எழுதும்போது இதெல்லாம் யோசித்து எழுதவில்லைதான். முதல் படியில் காளையின் கண்ணீர்தான் இருந்தது. காங்கேயம் மாடுகளைப் பார்த்து வளர்ந்தவள், காளை என்றால் மனம் தானாக அங்கே போய்விடும். இரண்டாவது படியில் அதை எடுத்துவிட்டுப் பாலை வைத்தேன், ஏனென்று அப்போது சொல்லத் தெரியவில்லை. குறிப்பை எழுத உட்கார்ந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் பொழுதோட (சாயங்காலம்) பாலைக் காய்ச்சி உறை ஊற்றுவது அம்மாயியின் (அம்மாவின் அம்மா) வேலை. காலையில் தயிர் சரியாக விழவில்லையென்றால் அம்மாயி முதலில் உறைமோரைத்தான் சந்தேகப்படும், அப்புறம் குண்டாவைச் சரியாகக் கழுவினோமா என்று பார்க்கும். கெட்ட குறி என்ற எண்ணம் கடைசியில்தான் வரும். காளையின் கண்ணீரைப் பார்த்தால் உடனே பயம் வந்துவிடும். உறையாத பாலைப் பார்த்தால் முதலில் தன் மேலேயே குறை தோன்றும். என் மாதரி தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவள். அதனால் பால்.

திருத்திய குறிப்பில் அந்த இடம் இப்படி வந்தது:

‘ஆய்ச்சியர் குரவையில் வரும் குறிகளில் முதலில் காளையின் கண்ணீரைத்தான் எடுத்தேன். அது பார்த்தவுடன் அச்சம் தருவது. பால் உறையாமை அப்படிப்பட்டதல்ல, அதற்கு வீட்டுக் காரணங்களும் இருக்க முடியும். மாதரி குறியை மாடுகளுக்கானதாகப் படித்தவள் என்பதால், தான் செய்த ஒரு வேலையில் குறை தேடுவதிலிருந்து அவளைத் தொடங்க நினைத்தேன். இதனால் ஆயர்பாடி முழுவதும் உணர்ந்த கேடு என் எழுத்தில் ஒரே வீட்டுக்குள் அடங்கிவிட்டது. மூலத்தின் கூட்டுக்குரல் போய்விட்டது. தனி ஒருத்தியின் குற்றவுணர்வைக் காட்ட அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன்.’

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னதில் மூலத்தின் ஒரு இடம் இருக்கிறது, தள்ளிய ஒன்று இருக்கிறது, காரணம் இருக்கிறது, இழந்தது என்ன என்பதும் இருக்கிறது. இந்த நான்கும் ஒரு பத்திக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எழுதும்போது செய்தது உங்களுக்கே தெரியாமல் நடந்திருந்தால் என்ன செய்வது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ‘எழுதும்போது இதைத் திட்டமிடவில்லை, திருத்தும்போதுதான் காரணம் தெரிந்தது’ என்று உள்ளதை எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைந்து நான் பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்ததுபோல ஜோடித்து எழுதியவர்கள்தான் வைவாவில் திணறினார்கள்.

6. வட்டாரப் பேச்சில் எழுதியிருந்தால் கூடுதல் கவனம்

நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் கொங்குப் பேச்சில்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் ‘மாதரி மதுரைக்காரி ஆயிற்றே, கொங்குத் தமிழ் எப்படிப் பேசுவாள்?’ என்ற கேள்வி வந்தே தீரும். அதற்குக் குறிப்பிலேயே பதில் இருக்க வேண்டும்.

‘என் வட்டாரமொழி’ என்பது காரணமே ஆகாது. நான் இரண்டாவதாகச் சொல்லிப் பார்த்த காரணம் இன்னும் பலவீனமானது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் கொங்கு இளங்கோசர் பெயர் வருகிறது, தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்தார்கள் என்று. அதைப் பிடித்துக்கொண்டு ‘கொங்குக்கும் காப்பியத்துக்கும் தொடர்பு உண்டு, ஆகவே கொங்குத் தமிழ்’ என்று எழுதினேன். நெறியாளர் அம்மா அதை அடித்துவிட்டார். அவர்கள் எடுத்த விழாவுக்கும் மதுரை ஆயர்பாடிக் கிழவி பேசுகிற பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? தேர்வு எதற்காகவோ நடந்திருக்கும், மூலத்தில் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டதும் அதைக் காரணமாக ஒட்டவைக்கத் தோன்றும். நீங்கள் அதில் விழாதீர்கள்.

கடைசியில் எழுதிய காரணம் இது: மாதரி மாட்டோடு வாழ்கிறவள். மாடு, பால், பட்டி, கட்டுத்தரை பற்றி வாய்ச்சொல்லாக எனக்குத் தெரிந்ததெல்லாம் கொங்குப் பேச்சில்தான். மதுரைப் பேச்சை நான் எழுதினால் கேட்டுப் போலி செய்ததாக இருக்கும், பொதுவான பேச்சுத் தமிழில் எழுதினால் மாட்டுக்காரியின் சொற்கள் வராது. போனது என்ன? வாசகர் மனத்தில் வையை மங்கி, பவானியும் நொய்யலும் வந்துவிடலாம். அதனால் கொங்கு நாட்டு ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன், வையையை மூன்று இடத்தில் பெயர் சொல்லி வைத்தேன். இதையும் குறிப்பில் எழுதினேன்.

ஒரு சொல்லுக்காக மட்டும் நான்கு நாள் போயிற்று. ஒரம்பரை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர், விருந்தாளி எல்லாருக்கும் அதுதான் சொல். கண்ணகியை மாதரி ‘ஒரம்பரை’ என்று சொல்வதாகத் தனிமொழி முழுக்க எழுதியிருந்தேன். படிக்க இதமாக இருந்தது. ஆனால் இளங்கோ சொல்வது அடைக்கலம். ஒரம்பரையை நாம் சோறு போட்டு உபசரித்து அனுப்புவோம், போன பிறகு அவர்களுக்கு ஒன்று நடந்தால் வருத்தப்படுவோம். அடைக்கலம் என்பது ஒருவர் நம்பி நம் கையில் கொடுத்தது. கவுந்தியடிகள் கொடுத்தார், மாதரி வாங்கினாள். நீர்ப்படைக் காதையில் அவள் சொன்னதாக வருவதும் ‘அடைக்கலம் இழந்தேன்’ என்பதுதான். ஒரம்பரை என்று எழுதியதால் அவள் ஏன் அப்படி உடைந்துபோகிறாள் என்பதன் வேரையே நான் அறுத்திருந்தேன். முழுக்க மாற்றவும் மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் பேசும்போது ‘ஒரம்பரை வந்திருக்குது’ என்றும், ஆற்றங்கரையில் தனியாக நிற்கும்போது ஒரே ஒரு முறை அடைக்கலம் என்றும் வைத்தேன். ஊருக்குச் சொல்வது ஒன்று, தனக்குத் தெரிந்தது ஒன்று. குறிப்பில் நான் மிகவும் நீளமாக விளக்கியதும் இந்தச் சொல்லைத்தான்.

மரியாதை விகுதியையும் பாருங்கள். கொங்குத் தமிழ் என்றவுடன் எல்லா வரியிலும் ‘ங்க’ சேர்த்துவிடுகிறார்கள். தனக்குத்தானே பேசிக்கொள்கிற கிழவி யாருக்கு ‘ங்க’ போடுவாள்? கவுந்தியடிகளை நினைத்துப் பேசும் இடத்தில் மட்டும் ‘நான் பாத்துக்கறனுங்க சாமி’ என்று வைத்தேன். கண்ணகியை அவள் கூப்பிடுவது ‘கண்ணு’. எங்கே விகுதி வருகிறது, எங்கே வரவில்லை என்பதே ஒரு தேர்வு, நாலு வரி எழுத அதில் விஷயம் இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கட்டும். ‘பாத்துக்கறேன்’, ‘பாத்துக்கிறன்’, ‘பாத்துக்கறன்’ என்று மூன்று விதமாக வந்தால் அதைத் தேர்வு என்று யாரும் நம்ப மாட்டார்கள். வெளியூர் ஆசிரியர் திருத்தக்கூடும் என்றால் கடைசியில் அரைப் பக்கம் சொற்பொருள் சேர்த்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல் கேட்டுப் பதிவு செய்தால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். எங்கள் அம்மாயி பெயர் வேண்டாம் என்றது, ‘வீட்டுப் பெரியவர்’ என்றே எழுதினேன்.

7. டைப், பிரிண்ட், செலவு

ஒப்படைக்கும் தொகுப்பில் இவை இருக்க வேண்டும்: முகப்புப் பக்கம், சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி (உங்கள் கையெழுத்தும் நெறியாளர் கையெழுத்தும்), படைப்பு, விளக்கக் குறிப்பு, பயன்படுத்திய பதிப்பின் விவரம், சொற்பொருள். உறுதிமொழியில் நெறியாளர் கையெழுத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அவர் அன்றைக்கு விடுப்பு என்றால் நீங்கள் நிற்க வேண்டியதுதான்.

டைப் செய்வதை யூனிகோடில் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வேறு எழுத்துரு இருந்தால் வேர்டு கோப்பு கலைந்துவிடும். எனக்குக் கொம்பும் காலும் இடம் மாறி 42 பக்கமும் வீணாயிற்று. பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள், முதலில் ஒரே ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள், பிறகு மொத்தமும் போடச் சொல்லுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். 14 பக்கம், மூன்று படி, பக்கத்துக்கு 3 ரூபாய் என்று 126. வீணானதற்கு இன்னொரு 126. ஸ்பைரல் பைண்டிங் ஒன்றுக்கு 40 வீதம் மூன்றுக்கு 120. உரைநூலில் 28 பக்கம் ஜெராக்ஸ், 28 ரூபாய். ஆக 400. நீங்கள் கவனமாக இருந்தால் 300க்குள் முடியும். இப்போது விலை கொஞ்சம் ஏறியிருக்கும். மூன்று படியில் ஒன்று உங்களுக்கு, அதைக் கொடுத்துவிடாதீர்கள், வைவாவுக்கு வேண்டும்.

நாள் கணக்கு: மூலத்தைப் படிக்க ஒரு வாரம், படைப்புக்கு இரண்டு வாரம். குறிப்புக்கு முழுசாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். அதில் முதல் வரைவுக்கு இரண்டு நாள், ஒரு நாள் தொடாமல் வைத்திருக்க, மற்ற நாட்கள் திருத்த. பிரிண்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே எல்லாம் தயாராகிவிட வேண்டும். ஊரில் நோம்பி (திருவிழா) வருகிறதா என்றும் காலண்டரைப் பாருங்கள். மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது, கடையும் பாதி நாள் பூட்டியிருக்கும்.

8. வைவா

பத்து நிமிடம்தான். கேட்பதெல்லாம் பெரும்பாலும் தேர்வு நோட்டின் இரண்டாவது பத்தியிலிருந்து, அதாவது தள்ளியவற்றிலிருந்து வரும். ‘கடிதமாக ஏன் எழுதவில்லை?’ ‘ஐயை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ போல. தேர்வு நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். பார்த்துச் சொல்லலாமா என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். மூலத்தின் அந்த ஐந்து காதைகளின் பிரதியும் கையில் இருக்கட்டும். இடத்தைத் திருப்பிக் காட்டிப் பேசுகிறவரிடம் கேள்வி கேட்பவர்களும் நிதானமாகிவிடுவார்கள்.

என்னிடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஐயா கேட்டது: ‘மாதரி தீயில் விழுந்ததை ஏன் எழுதாமல் விட்டீங்க? பயமா?’

நான் என் நோட்டின் 19ஆவது வரியைக் காட்டினேன். முதல் படியில் தீ இருந்தது, அரைப் பக்கத்துக்கு. அதை எடுத்தது, இளங்கோவே அதை நேரில் காட்டாமல் வஞ்சிக் காண்டம் வரைக்கும் தள்ளிப்போட்டு, இன்னொருவர் சொல்லக் கேட்பதாக வைத்திருக்கிறார் என்பதால். அவள் ஆற்றிலிருந்து ஈரச் சேலையோடு வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே ஆளில்லாததைப் பார்ப்பதோடு என் தனிமொழி நின்றுவிடுகிறது. ‘அதனால என்ன போச்சு?’ என்று கேட்டார். காப்பியத்தைப் படிக்காதவருக்கு அவள் முடிவு தெரியாமலே போய்விடும், அந்த நஷ்டத்துக்கு என்னிடம் வழி இல்லை, தெரிந்தே விட்டேன் என்று சொன்னேன். அவர் குறிப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதே வரி அங்கே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.